கொட்டாயில் பாதி, பாட்டுப் புத்தகத்தில் மீதி

படத்தின் பெயர், வெளியான ஆண்டு, இயக்குநர் என்று பட்டியல் போட்டுப் பழைய படம் தேடுகிறவன் நான். தெள்ளாரில் பட்டுத்தறி நெய்யும் அண்ணன் அப்படியில்லை. அவருக்குப் பெயர்கள் நிற்பதில்லை. “ஒரு பொம்மைக்குள்ள குண்டு வச்சிருப்பானுங்க தம்பி. அது கை மாறிக்கினே போவும்” என்பார். குண்டு வெடித்ததா என்று கேட்டால் தெரியாது. கொட்டாயில் அன்றைக்கு மழை, பாதியில் படத்தை நிறுத்திவிட்டார்களாம்.

டூரிங் கொட்டாயில் படம் பார்த்தவர்களின் நினைவு பெரும்பாலும் இப்படித் துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்கைப் போடுவார்கள். பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிரதிதான் வந்து சேரும். அறுந்த இடத்தில் ஒட்டி ஒட்டிச் சில காட்சிகளே காணாமல் போயிருக்கும்.

அண்ணன் சொன்ன படம் எஸ். பாலசந்தரின் ‘பொம்மை’, 1964-ல் வந்தது. வீணை பாலசந்தர் என்றால்தான் இன்று பலருக்கும் தெரிகிறது. சினிமாவில் அவரை ‘அந்த நாள்’ (1954) படத்தோடு நிறுத்திவிடுகிறோம். பாட்டே இல்லாத அந்தப் படத்துக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசிகூட ‘பொம்மை’க்குக் கிடைக்கவில்லை. எனக்கென்னவோ இதுதான் கூடுதல் துணிச்சலான படம். ஒரு ஆளைக் கொல்ல வைத்த குண்டு, பொம்மையோடு சென்னை நகரம் முழுக்கச் சுற்றுகிறது. யார் கைக்குப் போகிறதோ அவர்தான் அடுத்த சில நிமிடங்களுக்குக் கதாநாயகர். யேசுதாஸ் தமிழில் பாடியதும் இதில்தான் தொடங்கியது.

தறி மேடையில் கைபேசியைச் சாய்த்து வைத்து இருவரும் பார்த்தோம். முடிவில் படத்தில் உழைத்தவர்களைத் திரையிலேயே காட்டி அறிமுகம் செய்கிறார் பாலசந்தர். அண்ணனுக்கு அதுதான் பிடித்துப்போனது. “நெய்றவன் பேர எவன் சொல்றான்?” என்றார். அடுத்து ‘நடு இரவில்’. எடுத்து முடித்தும் சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்து 1970-ல்தான் அது வெளிவந்தது. தீவு பங்களாவில் அடுத்தடுத்துக் கொலைகள் விழும் கதை. இரண்டாவது கொலையிலேயே கொலைகாரன் யாரென்று அண்ணன் அடித்துச் சொன்னார். தப்பாகத்தான் சொன்னார்.

இவையெல்லாம் தப்பிப் பிழைத்த படங்கள். பிழைக்காதவற்றின் கதை பட்டுக்காரருக்கு நான் விளக்காமலே புரிந்தது. கிழிந்த பட்டுப்புடவையை வாங்கிப்போய் ஜரிகையை எரித்து வெள்ளி எடுப்பதுபோல, ஓடி முடிந்த கறுப்பு வெள்ளைப் படச்சுருளையும் கழுவி வெள்ளி எடுத்தார்கள். மிஞ்சிய செல்லுலாய்டு வளையலாகக்கூட ஆனதுண்டு. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும், வெயிலிலும் ஈரத்திலும் தானாகவே நொறுங்கும். எனவே மக்கள் மறந்ததால்தான் இந்தப் படங்கள் அழிந்தன என்று சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். பல படங்களை எடைக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வத’த்தை 1917-18 வாக்கில் எடுத்த ஆர். நடராஜ முதலியார் பிறந்தது வேலூரில். அந்தக் காலக் கணக்கில் தெள்ளாரும் அவர் ஊரும் ஒரே வட ஆர்க்காடு ஜில்லா. அவர் படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ படமும் இல்லை. தென்னகத்து மௌனப் படங்களில் முழுசாகக் கிடைத்தது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். அதையும் காப்பாற்றியது கலை ஆர்வம் இல்லை. படத்துக்கு மூலமான நாவலைப் பதிப்பித்த திருவனந்தபுரம் புத்தகக் கடைக்காரர்கள் உரிமை கேட்டு வழக்குப் போட, பிரதி முடக்கப்பட்டு அவர்களிடமே கிடந்தது. 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. வழக்கு வராமல் போயிருந்தால் அதிலும் வெள்ளி எடுத்திருப்பார்கள்.

படம் போனாலும் பாட்டுப் புத்தகம் சில வீடுகளில் இருக்கிறது. கொட்டகை வாசலில் விற்ற சில பக்கப் புத்தகம். நடிகர்கள், தொழில்நுட்பக்காரர்கள், பாட்டு, அப்புறம் கதைச்சுருக்கம். விறுவிறுப்பான கட்டத்தில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்கள். திரையில் காணவே முடியாமல் போன படங்களுக்கு இன்று அந்தப் பாதிக் கதைதான் மிச்சம். அண்ணன் தன் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தார். பாட்டே இல்லாமல் ஜெயகாந்தன் எடுத்த ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) மட்டும் அந்தக் கட்டிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாவல் கடையில் கிடைக்கிறது, படம் எங்கள் இருவர் கண்ணிலும் இன்றுவரை படவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டுப் புத்தகமோ பட நோட்டீஸோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இத்தகைய காகிதங்களையும் சேர்த்துப் பாதுகாக்கும் இடம் அது. கொடுப்பதற்கு முன் ஒருமுறை அவர்களைக் கேளுங்கள்.