வாளுக்கும் எண்ணெய்க் குளியல்!

வெள்ளிக்கிழமை பெண்களுக்கு, சனிக்கிழமை ஆண்களுக்கு என்று நம் வீடுகளில் எண்ணெய் ஸ்நானத்துக்கு முறை வைத்திருந்தார்கள் பெரியவர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய் பூசிக்கொள்ளும் வாளைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?

ஜப்பானில் பரம்பரை வாள் உள்ள குடும்பங்களில் இது ஒரு சடங்கு போலவே நடக்கிறது. சாமுராய்களின் காலம் மலையேறிவிட்டது. இடுப்பில் வாளோடு தெருவில் நடப்பதை 1876-லேயே அரசாங்கம் தடுத்துவிட்டது. ஆனாலும், பாட்டனார் விட்டுச்சென்ற வாளை முறைப்படி பதிவு செய்து, பட்டுப் பையில் போட்டு, கண்ணைப் போல் காக்கிறார்கள்.

அந்த வாள் எவர்சில்வர் அல்ல. நம் பழைய அரிவாள்மணையைப் போல் அசல் எஃகு. ஈரக் கையோடு தொட்டுவிட்டு மறந்தால் அரிவாள்மணை என்ன ஆகும்? காலையில் செம்பழுப்பாகப் பூத்திருக்கும். இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்தால் துருதான். விரல் வியர்வையில் உப்பும் இருப்பதால் இன்னும் ஆபத்து. எண்ணெய் நடுவே திரையாக நின்று இரும்பைக் காப்பாற்றுகிறது.

பவுடர் ஒற்றுவது போல...

முதலில் வாளை உறையிலிருந்து கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி மெல்ல உருவ வேண்டும். பிறகு, ஒரு சின்னஞ்சிறு பித்தளைச் சுத்தியலால் கைப்பிடியிலுள்ள மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்ற வேண்டும். மிருதுவாகக் கசக்கிய ஜப்பானியக் காகிதத்தை வாளின் முதுகுப் பக்கமாக மடித்துப் பிடித்து, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் துடைத்தால் பழைய எண்ணெய் போய்விடும்.

அடுத்து வருவது வேடிக்கையான சாமான். ஒரு குச்சியின் நுனியில் பட்டு உருண்டை. அதற்குள் சாணைக்கல்லின் மிக நைஸான பொடி. முகத்துக்குப் பவுடர் ஒற்றுவது போல் அதை வாள் மீது தட்டி, வேறொரு காகிதத்தால் துடைக்கிறார்கள். மிச்ச எண்ணெயையும் பொடி உறிஞ்சிக்கொள்ளும். ‘அடிக்கடி பொடி போட்டால் மெருகில் கீறல் விழும்’ என்று எச்சரிக்கும் நிபுணர்களும் இப்போது இருக்கிறார்கள்.

கடைசியில் புது எண்ணெய். அதன் பெயர் ‘சோஜி’; கிராம்பு என்று பொருள். இன்று விற்பது பெரும்பாலும் கனிம எண்ணெய்தான். வாசனைக்குக் கொஞ்சம் கிராம்புத் தைலம் கலந்திருக்கும். படிந்ததும் தெரியாத மெல்லிய பூச்சுப் போதும். தாராளமாக ஊற்றினால் உறைக்குள் வழிந்து, தூசியைப் பிடித்து வைத்து, அதுவே கெடுதலாகிவிடும்.

செய்யக் கூடாதவை

வாளின் தகட்டை விரலால் தொடக் கூடாது. அதற்கு நேராக முகத்தை வைத்துப் பேசக் கூடாது. ஒரு துளி எச்சில் தெறித்தாலும் கறைதான்! அந்தக் காலத்தில் வாயில் காகிதத்தைக் கவ்விக்கொண்டே வாளைப் பார்ப்பார்களாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பிடிக்குள் மறைந்திருக்கும் காம்புப் பகுதியில் படிந்த கறுத்த துருவைச் சுரண்டவே கூடாது. கொல்லர் தம் பெயரைப் பொறிப்பது அங்கேதான். வாளின் வயதைச் சொல்வதும் அந்தத் துருதான். ‘பளபளப்பாக்குகிறேன்’ என்று அதைத் தேய்ப்பவர், குடும்பத்தின் ஜாதகத்தையே அழிக்கிறார்!

காணாமற்போன பொக்கிஷம்

இரண்டாம் உலக யுத்தம் 1945-ல் முடிந்ததும், ஆயுதங்களை ஒப்படைக்கும்படி ஜப்பானியருக்கு உத்தரவாயிற்று. எத்தனையோ வாள்கள் அழிந்தன. எத்தனையோ வாள்கள் அந்நியச் சிப்பாய்களின் மூட்டைகளில் கடல் கடந்தன. மசமுனே என்ற மாபெரும் கொல்லர் செய்ததாகப் போற்றப்படும் ‘ஹொன்ஜோ மசமுனே’ வாளையும் தொக்குகாவா குடும்பத்தார் ஒப்படைத்தார்கள். அதற்குப் பிறகு அது எங்கே போயிற்று என்பது இன்றுவரை மர்மம்.

பல நூறு ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் துடைத்து, எண்ணெயிட்டு வந்த வாள் அது. இன்று ஏதோ ஓர் ஊரில், அதன் அருமை தெரியாத வீட்டுப் பரணில் கிடக்கிறதோ என்னவோ! எதிரியின் வாளுக்கு அஞ்சாத எஃகு, கவனிப்பாரில்லாத சில மழைக்காலங்களுக்குத் தோற்றுவிடும். மிச்சமிருந்த வாள்களையாவது காக்க வேண்டுமென்று 1948-ல் ஜப்பானில் ஒரு சங்கமே தோன்றியது.

‘தன்னிலிருந்தே கிளம்பிய துரு’ என்று ஜப்பானியர் ஒரு பழமொழி சொல்வார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்று நாம் சொல்கிறோமே, அதே கருத்துத்தான். வாளுக்கு மட்டுமா? அடுக்களை மூலையில் பாட்டி கால அரிவாள்மணை கிடந்தால், இன்றைக்கே ஈரம் போகத் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். அதுவும் ஒரு பரம்பரைச் சொத்துத்தானே!