எல்லைக்கோடுகளும் நடன அரங்குகளும்: லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இனம், அடையாளம், வெகுசன இசை (1940–1960)

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் குடியிருப்பும் தொழிலும் இன அடிப்படையில் பிரிந்து கிடந்தன. அக்காலத்தில் அந்நகரில் உருவான வெகுசன இசையோ பல இனத்தவரின் கூட்டு உழைப்பால் விளைந்தது. இவ்விரு நிலைகளும் ஒரே நகரில் எவ்வாறு உடனிருந்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இசைக்கலப்பு நிகழ்ந்தது என்று மட்டும் கூறுவது போதாது. எல்லையைக் கடக்கும் உரிமை யாருக்கு இருந்தது, கடந்ததன் பயன் யாரைச் சேர்ந்தது என்ற வினாக்களும் எழுப்பப்பட வேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: லாஸ் ஏஞ்சலிஸ், இன ஒதுக்கல், ரிதம் அண்ட் புளூஸ், ராக் அண்ட் ரோல், மெக்சிகோ வழியினர், அடையாளம்.

முன்னுரை

இனம் என்பது உடலில் உறைந்த பொருளன்று. சட்டமும் சமூக வழக்கமும் கட்டமைக்கும் வகைப்பாடு என்பது சமூகவியலில் நிலைபெற்ற கருத்தாகும். இதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் தெளிவான சான்றை அளிக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1930ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ‘மெக்சிகர்’ என்பது தனி இனமாகப் பதியப்பட்டது. 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதே மக்கள் வெள்ளையராக எண்ணப்பட்டனர். பத்தாண்டு இடைவெளியில் மாறியது மக்கள் அல்லர், படிவமே. படிவத்தில் வெள்ளையராக இருந்தோர் வாடகை வீட்டிலும் நீச்சற்குளத்திலும் காவலரிடத்தும் வெள்ளையராக நடத்தப்படவில்லை. சட்டம் கூறும் இனத்திற்கும் வாழ்வில் எதிர்கொள்ளும் இனத்திற்கும் இடையிலான இந்த முரணே அந்நகர இசையின் பின்புலமாகும்.

நகரின் அமைப்பு

1941 ஜூன் மாதத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 8802ஆம் எண் ஆணை, பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தது. விமானத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் வேலை தேடித் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருமளவில் குடியேறினர். 1940இல் ஏறத்தாழ 64,000ஆக இருந்த நகரின் கறுப்பின மக்கள்தொகை 1950இல் 1,71,000ஐ எட்டியது. 1942இல் வெளியான 9066ஆம் எண் ஆணையின்படி ஜப்பானிய வழியினர் முகாம்களுக்கு அகற்றப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த லிட்டில் டோக்கியோவில் கறுப்பினக் குடும்பங்கள் குடியேற, அப்பகுதி ‘பிரான்ஸ்வில்’ என வழங்கப்பெற்றது. ஓரினத்தவரின் வெளியேற்றமே மற்றோரினத்தவருக்கு இருப்பிடமாயிற்று.

குறிப்பிட்ட இனத்தவருக்கு வீடு விற்கலாகாது என்னும் பத்திர நிபந்தனைகள் நகரின் பெரும்பகுதியை அடைத்து வைத்திருந்தன. இவற்றை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. எனினும் வழக்கம் உடனே மறையவில்லை. வீடு கிடைக்காதோர் ஒதுங்கிய பகுதிகளே கலப்புக்கு இடமளித்தன. பாயில் ஹைட்ஸ் பகுதியில் யூதர், மெக்சிகோ வழியினர், ஜப்பானியர், கறுப்பினத்தவர் ஆகியோர் அடுத்தடுத்து வாழ்ந்தனர். சென்ட்ரல் அவென்யூவில் டன்பார் விடுதியும் அதனையடுத்த கிளப் அலபாமும் ஜாஸ் இசையின் மையங்களாயின. அத்தெருவுக்கு அண்மையிலிருந்த ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளியில் சாமுவேல் பிரவுன் என்னும் கறுப்பின ஆசிரியர் முறையான இசைப் பயிற்சி அளித்தார். டெக்ஸ்டர் கார்டன் அவருடைய மாணவர்களுள் ஒருவர்.

கலப்புக்கு எதிரான வன்முறையும் இருந்தது. ஜாஸ் இசையோடு இணைத்துப் பேசப்பட்ட அகன்ற தோளும் தொளதொளத்த காற்சட்டையும் கொண்ட ‘சூட் சூட்’ உடையை அணிந்த மெக்சிகோ வழி இளைஞர்களை 1943 ஜூனில் கடற்படையினரும் படைவீரர்களும் தெருக்களில் அடித்து, உடைகளைக் களைந்தனர். கறுப்பின, பிலிப்பினோ இளைஞர்களும் தாக்குதலுக்கு உள்ளாயினர். கைதானோருள் பெரும்பாலோர் அடிபட்டவர்களே.

ஒலியில் நிகழ்ந்த கலப்பு

இந்நிகழ்வுக்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், 1948இல், டான் டோஸ்டி குழுவினர் ‘பச்சுகோ பூகி’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். கறுப்பினத்தவரின் பூகி தாளத்தின்மீது, தெருவோர மெக்சிகோ வழி இளைஞரின் ‘காலோ’ என்னும் குழூஉக்குறி மொழி அதில் ஒலித்தது. அடிவாங்கித் தந்த அடையாளத்தையே பெருமைக்குரியதாக்கிய பாடல் அது.

ரிச்சர்ட் பெர்ரியின் ‘லூயி லூயி’ இதனினும் சிக்கலான எடுத்துக்காட்டாகும். கறுப்பினப் பாடகரான அவர், பிலிப்பினோ-மெக்சிகோ வழிச் சகோதரர்கள் நடத்திய ரிதம் ராக்கர்ஸ் குழுவுடன் பாடிவந்தார். அக்குழுவினர் வாசித்த, கியூபாவைச் சேர்ந்த ரெனே டூசேயின் சா-சா-சா இசையின் தொடக்கத் தாளக்கட்டைக் கேட்டுத் தம் பாடலை அமைத்தார். 1957இல் வெளியான அப்பாடல் கரீபியத் தாளமும் ரிதம் அண்ட் புளூஸ் குரலும் இணைந்த ஒன்று.

பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான பொது நடன நிகழ்ச்சிகளுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகர நிர்வாகம் கட்டுப்பாடுகள் விதித்திருந்தது. ஆகவே நிகழ்ச்சி அமைப்பாளர்கள் நகர எல்லைக்கு வெளியே, எல் மான்டியிலிருந்த லீஜன் ஸ்டேடியத்தை நாடினர். ஆர்மீனிய வழியினரான ஆர்ட் லபோ போன்ற வானொலி அறிவிப்பாளர்கள் நடத்திய நிகழ்ச்சிகளில் பல இன இளைஞர்கள் ஒரே தளத்தில் ஆடினர். வானொலி அலைக்கு வீட்டுப் பத்திரத்தின் நிபந்தனை தடையாகவில்லை. அவ்வலை அழைத்துவந்த கூட்டமும் நகர எல்லையைத் தாண்டி ஒன்றுகூடியது.

இரு பெயர்கள்

1921இல் கிரேக்கக் குடியேறிகளின் மகனாகப் பிறந்த யோனிஸ் வெலியோட்டிஸ், பெர்க்லியின் கறுப்பினச் சூழலில் வளர்ந்து, ஜானி ஓட்டிஸ் என்னும் பெயரில் கறுப்பினச் சமூகத்தில் ஒருவராகவே வாழத் தெரிவுசெய்தார். இசைக்குழுத் தலைவராகவும் புதிய பாடகர்களைக் கண்டறிபவராகவும் அந்நகர ரிதம் அண்ட் புளூஸ் இசையை வளர்த்தார். 1941இல் பக்கோய்மாவை உள்ளடக்கிய பள்ளத்தாக்கில் பிறந்த ரிச்சர்ட் வலென்சுவேலாவின் பெயரோ பரந்த சந்தையைக் கருதிப் பதிவு நிறுவன உரிமையாளரால் ‘ரிச்சி வாலென்ஸ்’ எனச் சுருக்கப்பட்டது. ஆனால் அவர் 1958இல் பதிவுசெய்த ‘லா பம்பா’ வெராகுரூஸ் பகுதியின் நாட்டார் பாடல். முழுவதும் ஸ்பானிய மொழியிலானது. அதற்கு டிரம்ஸ் வாசித்தவர் நியூ ஆர்லியன்சிலிருந்து வந்த கறுப்பினக் கலைஞர் எர்ல் பால்மர். பெயரில் மறைக்கப்பட்ட அடையாளம் பாடலின் மொழியில் வெளிப்பட்டது.

இவ்விரு பெயர்மாற்றங்களும் ஒன்றல்ல. ஓட்டிஸ் தம் விருப்பத்தால் ஓர் எல்லையைக் கடந்தார். விரும்பின் மீளவும் அவரால் முடிந்திருக்கும். வலென்சுவேலாவின் மாற்றம் சந்தையின் தேவையால் நேர்ந்தது. சென்ட்ரல் அவென்யூவில் வாழ்ந்த கறுப்பினக் கலைஞருக்கோ இவ்விரண்டில் எதுவும் வாய்க்கவில்லை.

தொழிலும் உடைமையும்

மேடையில் சேர்ந்து வாசித்த கலைஞர்கள் தொழிற்சங்கத்தில் பிரிந்திருந்தனர். வெள்ளையருக்கு 47ஆம் கிளை, கறுப்பினத்தவருக்கு 767ஆம் கிளை. வருவாய் மிகுந்த திரைப்பட, வானொலி வாய்ப்புகள் முன்னதன் கையில் இருந்தன. பட்டி காலெட், மார்ல் யங் முதலியோரின் நெடுமுயற்சியால் 1953இல் இரு கிளைகளும் இணைந்தன. அது சமத்துவத்தின் வெற்றி. அதே வேளையில் கறுப்பினக் கலைஞர் தமக்கென வைத்திருந்த கூடுமிடத்தை இழந்தனர்.

உடைமையில் ஏற்றத்தாழ்வு நீடித்தது. ‘லூயி லூயி’ பாடலின் உரிமையை 1950களின் இறுதியில் பெர்ரி சொற்பத் தொகைக்கு விற்றிருந்தார். 1963இல் கிங்ஸ்மென் என்னும் வெள்ளையர் குழு பாடி அது நாடெங்கும் புகழ்பெற்றபோது அதன் பயன் அவருக்குக் கிட்டவில்லை. 1980களிலேயே உரிமையின் ஒரு பகுதியை அவர் மீட்டார். பிக் மாமா தார்ன்டன் 1952இல் இந்நகரில் பதிவுசெய்த ‘ஹவுண்ட் டாக்’ பாடலும் 1956இல் எல்விஸ் பிரெஸ்லியின் குரலிலேயே உலகப் புகழ் பெற்றது. யூத இளைஞர் இருவர் எழுதி, கறுப்பினப் பெண் பாடிய அப்பாடல் இன்று பலராலும் மூன்றாமவர் பெயராலேயே அறியப்படுகிறது.

நிறைவுரை

லாஸ் ஏஞ்சலிஸ் இசை, இனவகைப்பாடு இயற்கையானதன்று என்பதைச் செவிக்குப் புலப்படுத்தியது. படிவமும் பத்திரமும் பிரித்தவர்கள் ஒரே தாளத்திற்கு ஆடினர். ஆயினும் அத்தாளம் வீட்டுக் கதவுகளைத் திறக்கவில்லை. 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதி பற்றியெரிந்ததற்குக் குடியிருப்பு நெருக்கடி, வேலையின்மை, காவல்துறைக் கெடுபிடி ஆகிய பழைய குறைகளே காரணங்களாயின. அப்பகுதியில் முன்னர் இசையரங்கு நடத்திய ஓட்டிஸ், அவ்வெழுச்சியின் பின்னணியை விளக்கி 1968இல் நூலெழுதினார்.

வெகுசன இசையைப் பன்மைத்துவத்தின் அடையாளமாகக் கொண்டாடும் ஆய்வுகள் கலப்பின் இனிமையோடு நின்றுவிடுவதுண்டு. பாடலின் தாளம் எங்கிருந்து வந்தது என்பதுடன், பாடியவர் நிகழ்ச்சி முடிந்தபின் எப்பகுதிக்குத் திரும்பினார், பதிப்புரிமைப் பத்திரத்தில் யார் பெயர் இருந்தது என்பனவும் இசையாய்வின் தரவுகளே. அவற்றை இணைத்து நோக்கும்போதே, ஒரு நகரம் சேர்ந்து பாடியதும் பிரிந்து வாழ்ந்ததும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பது தெளிவாகும்.