தண்டுவட மரப்பு நோயில் அறிதிறன் குன்றலும் மூளைப் படிமங்களும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையைச் சிதைக்கிறது. இந்நோயை 1868இல் விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ, நோயாளரின் நினைவுத் தளர்ச்சியையும் குறித்துச் சென்றார். ஆயினும் 1983இல் கர்ட்ஸ்கே வகுத்து இன்றும் வழக்கிலுள்ள ஊன அளவைமுறை நடைக்கே மிகுந்த எடை தருகிறது.

எம்.ஆர்.ஐ. படிமங்களில் வெண்பொருள் தழும்புகள் தெளிவாகப் புலப்படுகின்றன. ஆனால் அவற்றின் பரப்பு அறிதிறன் குன்றலை ஓரளவே விளக்குகிறது. தலாமஸ், மூளைப் புறணி ஆகிய சாம்பற்பொருள் பகுதிகளின் சுருக்கமே அதனோடு நெருங்கிய தொடர்புடையது. புறணித் தழும்புகளோ வழக்கமான படிமங்களில் பெரும்பாலும் தென்படுவதில்லை. ஆகவே படிமத்துடன், குறியீடுகளை எண்களாக மாற்றும் 90 நொடித் தேர்வும் தேவைப்படுகிறது. சிந்தனையின் விரைவு குறைவதை அது எளிதில் காட்டிவிடும்.

பெருஞ்சக்கர அகழ்பொறிகள் இயங்கும் நெய்வேலிச் சுரங்கம் போன்ற பணியிடங்களில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. நன்கு நடக்கும் ஒருவரின் கவனத் தளர்ச்சி, நோயென அறியப்படாமல் சோம்பலாகக் கருதப்படக்கூடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. நடையை மட்டும் அளந்தால் அவ்வுரிமை முழுமை பெறாது. அறிதிறனும் அளக்கப்பட வேண்டும்.