செல்ஃப் எடுக்கவில்லையா? குற்றவாளி பேட்டரியா, ஆல்டர்னேட்டரா?

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். "கிளிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே "பேட்டரி போச்சு" என்று முடிவு கட்டி, சில ஆயிரங்கள் கொடுத்துப் புதியது வாங்கிப் போடுகிறோம். கோளாறு ஆல்டர்னேட்டரில் இருந்தால் அந்தப் புதிய பேட்டரியும் சில நாட்களில் படுத்துவிடும். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் மதர்போர்டையா மாற்றுகிறோம்? பவர் வருகிறதா என்று முதலில் பார்ப்போம் அல்லவா? இங்கும் அப்படித்தான்.

தேவைப்படுவது ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்தான். டயலை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கருப்பு முனையை மைனஸிலும் தொடுங்கள்.

இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. சார்ஜ் போட்ட பிறகும் 10.5 அருகிலேயே நின்றால், ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. அந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை ஏறினால் ஆல்டர்னேட்டர் (நம் மெக்கானிக்குகளுக்கு இன்னமும் "டைனமோ"தான்) வேலை செய்கிறது. ஏறாமல் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவில்லை. முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அடுத்து, முழு யூனிட்டையும் மாற்றச் சொன்னால், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி கொதித்து வீணாகும். சில புதிய கார்களில் சார்ஜிங்கை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். அங்கே ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தால் சார்ஜ் ஏறுமா?

ராஜபாளையத்தில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்த கையோடு, "ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க, சார்ஜ் ஏறிடும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமார் 12 கிலோமீட்டர். போக, வர 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 15 ஆம்பியர் ஏறினாலும் கிடைப்பது 12.5 ஆம்பியர்-ஹவர்தான். சிறிய கார்களில் வரும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி முழுவதும் காலியாகியிருந்தால், இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இரவு என்றால் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தே 8 ஆம்பியர் இழுக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து இரவெல்லாம் சார்ஜரில் போடுவதே சரி. பால்கோவா வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போகலாம்!

இந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள்

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, டைனமோ நன்றாக இருக்கிறது" என்று சொல்வது பழைய வழக்கம். அம்பாசிடர் காலத்தில் தப்பித்தோம். இன்றைய காரில் எரிபொருளைக் கட்டுப்படுத்துவதே ஒரு கம்ப்யூட்டர். அதன் பெயர் இசியு. பேட்டரி திடீரென விலகும்போது ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறி, இசியுவையும் ஆல்டர்னேட்டரின் டையோடுகளையும் எரித்துவிடலாம். சோதனைக்கு விலை அதுவா? யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

இரண்டுமே சரியாக இருந்தும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைப் பாருங்கள். வண்டியை நிறுத்திவிட்டு மைனஸை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் சுத்தம் செய்து, ஈரம் துடைத்து, மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். ரேடியோ, கடிகார செட்டிங்குகள் அழியலாம். சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டரில் தேதி மாறிப்போவது போலத்தான்.

பிறகும் இறங்கினால், நிற்கும் வண்டியில் ஏதோ ஒன்று கரண்ட் இழுக்கிறது. பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, அலாரம், டிக்கி லைட் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். அரை ஆம்பியர் கசிந்தாலே 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்று நாட்களில் காலி.

வீட்டு யுபிஎஸ்ஸில் இருப்பதும் இதே ஈய-அமில பேட்டரிதான், அளவு மட்டும் சிறியது. கரண்ட் போனவுடன் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்தால், பிளக்கைக் கழற்றிய பின் யுபிஎஸ்ஸைத் திறந்து, அதே மீட்டரை அங்கும் வைத்துப் பாருங்கள்.