கண்ணுக்குத் தெரியாத உப்பும் கழலாத வளையமும்

இறப்பர்ப் பாலில் அமிலம் சேர, அது உறைவதைக் கேகாலைத் தோட்டத்தார் நன்கறிவர். பால் துணிக்கைகளின் எதிர்மின்னேற்றத்தை அமிலத்தின் ஐதரசன் அயன்கள், அதாவது நேர்மின்னேற்றம் பெற்ற அணுக்கள், தணிப்பதே காரணம். ஆயின், வயிற்றோட்டத்தில் உடல் இழக்கும் சோடியம், பொற்றாசியம் அயன்கள் கண்ணுக்குப் புலனாகா. காலந்தாழ்த்தி அறிந்தால் உயிருக்கே கேடு. கொழும்பில் பயின்ற பிரசன்ன டி சில்வா பெல்பாஸ்ட்டில் ஆக்கிய மூலக்கூறுகள் உரிய அயன் அகப்பட்டதும் ஒளிர்வன. குருதிச் சோதனைக் கருவிகளிலும் அவை பயன்பட்டன.

ஒக்ஸ்போர்டில் போல் பியர் குழுவினர் மூலக்கூற்றுத் தண்டில் வளையம் கோத்து, அது கழலாதவாறு இரு முனையிலும் குமிழ் வைத்தனர். (இத்தகைய கோப்பு வேலைக்கே சோவாஜ், ஸ்டொடார்ட் ஆகியோர் 2016இல் நோபல் பரிசு பெற்றனர்.) இடையிலுள்ள பொந்தில் உப்பின் மறுபாதியான குளோரைட்டு அயன் பொருந்தியதும் ஒளிர்வு மாறும். குருதியின் நீரோ அயனை இறுகப் பற்றுவது. அதனிடமிருந்து பறித்தெடுப்பதே பெருங்கடினம்.