எலும்பாகுமா, கொழுப்பாகுமா?

கொழுப்பென்ற சொல்லைக் கேட்டாலே முகஞ் சுளிப்போர் பலர். ஆயினும், அதனைச் சேமித்து வைக்கும் கலங்கள் நம் உடலில் எவ்வாறு தோன்றுகின்றன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

நம் உடற் கலங்களுட் பெரும்பாலானவை தத்தமக்குரிய தொழிலை ஏற்றுக்கொண்டவை. தசைக் கலம் தசையாகவே இருக்கும். ஆனால், இன்ன தொழில் என்று முடிவாகாத கலங்களும் சில உள. அவையே மூலக் கலங்கள். எலும்பினுள் இருக்கும் மச்சையிலும், தோலின் கீழுள்ள கொழுப்பிலும் அவற்றைக் காணலாம்.

1999ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி மார்க் பிற்றெஞ்சரும் அவர்தம் குழுவினரும் மனித மச்சையிலிருந்து இக்கலங்களைப் பிரித்தெடுத்து வளர்த்தனர். வளர்ப்புத் திரவத்தில் விற்றமின் சி, பொசுபேற்று முதலியவற்றைச் சேர்த்தபோது அவை எலும்புக் கலங்களாயின. இன்சுலினோடு, டெக்சாமெதசோன், இந்தோமெதசின் என்னும் மருந்துகளையும், கோப்பியிலுள்ள கபீனுக்கு இனமான ஓர் இரசாயனத்தையும் சேர்த்தபோதோ, கலங்களினுள்ளே சிறு சிறு கொழுப்புத் துளிகள் திரண்டன. தனியொரு கலத்தின் வழிவந்தவையே இவ்விரு வழியிலும் சென்றன என்பதே இதில் நாம் வியக்கத்தக்கது.

இவ்வாறு கலம் வழி திரும்புவது எங்ஙனம்? கலத்தின் கருவினுள்ளே பீ.பீ.ஏ.ஆர். காமா என்னும் புரதம் ஒன்றுண்டு. வெளியிலிருந்து வரும் இரசாயனச் செய்திகளால் இப்புரதம் பெருகி, கொழுப்புக் கலத்துக்கு வேண்டிய பரம்பரையலகுகளைத் தொழிற்பட வைக்கிறது. 1994இல் புறூஸ் ஸ்பீகல்மன் குழுவினர், கொழுப்பாகும் இயல்பில்லாத எலிக் கலங்களில் இதனைப் புகுத்தினர். அவையும் கொழுப்புக் கலங்களாக மாறின!

ஆனால் இப்புரதம் ஒரு வழியைத் திறக்கும்போதே எலும்பாகும் வழியை அடைக்கவும் செய்கிறது. நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் பயோகிளிற்றசோன் போன்ற மருந்துகள் இப்புரதத்தையே தூண்டுவன. அவற்றை உட்கொண்ட பெண்களிடையே எலும்பு முறிவு மிகுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதப்படுகிறது. முதுமையில் எலும்பு மெலிய, மச்சையில் கொழுப்பு மிகுவதையும் மருத்துவர் அறிவர்.

அங்ஙனமாயின் கொழுப்புக் கலம் நமக்குப் பகையா? அன்று. பிறவியிலேயே இக்கலங்கள் அமையாத நோயாளர் சிலர் உளர். சேமிக்க இடமின்றி அவர்களின் கொழுப்பு ஈரலிலும் இரத்தத்திலும் சேர, இளமையிலேயே கடுமையான நீரிழிவு அவர்களைப் பற்றுகிறது. நெல்லை வைக்கக் களஞ்சியம் இல்லாத வீடு போன்றது அவர்தம் உடல்.

களஞ்சியங்களின் தொகையோ பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலும் இளமையிலுமே அமைந்துவிடுகிறது. 2008இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, வளர்ந்தோர் உடலில் ஆண்டுதோறும் பத்திலொரு பங்குக் கொழுப்புக் கலங்கள் அழிய, மூலக் கலங்களிலிருந்து அதேயளவு புதியவை பிறக்கின்றன. உடல் மெலிந்தாலும் கலங்கள் சுருங்குகின்றனவேயன்றித் தொகையிற் குறைவதில்லை.

ஆதலின், மெலிந்தவர் மீண்டும் பருத்தால் அவரது மனவுறுதியை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. பிள்ளைகளின் உணவிலும் ஓடியாடும் விளையாட்டிலும் இன்றே கருத்துச் செலுத்துவதுதான் பெற்றோராகிய நாம் செய்யத்தக்கது.