அவனுக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணு!

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அடிக்கடி நடக்கிற கதைதான். சின்னவன் ஏதோ விஷமம் செய்தான் என்று அம்மா முதுகில் ஒன்று வைக்கிறாள். "அண்ணனை மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டே!" என்று அவன் ஓவென்று அழுகிறான். உடனே, சிவனே என்று படித்துக்கொண்டிருக்கும் பெரியவனுக்கும் ஏதோ ஒரு காரணம் கண்டுபிடித்து ஒரு அதட்டல். கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் நியாயம்?

இதே வழக்கம், கோடி கோடியாகப் பணம் புரளும் ஒரு விளையாட்டிலும் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? அதுதான் ஐஸ் ஹாக்கி. மகளின் பிரசவத்துக்காகக் கனடா போயிருந்த குளிர்காலத்தில், மாலையானால் வீட்டில் டி.வி.யில் இந்த ஆட்டம்தான். "பாருங்க அத்தை, இப்ப அடுத்த விசில் அந்தப் பக்கம்தான்" என்பார் மாப்பிள்ளை. சொல்லி வைத்தாற்போல் அப்படியே நடக்கும்!

ஆட்டம் 200 அடி நீளம், 85 அடி அகலமுள்ள பனித்தளத்தில் நடக்கிறது. ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். பந்துக்குப் பதில் 'பக்' என்கிற கெட்டி ரப்பர் வட்டு. தப்பாட்டம் ஆடினவர் இரண்டு நிமிஷம் தனிக் கூண்டில் போய் உட்கார வேண்டும். அதுவரை அவருடைய அணிக்கு ஓர் ஆள் குறைவு. பெரிய தப்பு என்றால் ஐந்து நிமிஷம். அதற்குள் எதிரணி எத்தனை கோல் போட்டாலும் தண்டனை குறையாது. கிரிக்கெட்டுக்கு அம்பயர் போல, இதையெல்லாம் தீர்மானிப்பவர் ரெஃப்ரி. அவரும் காலில் ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு ஆட்டக்காரர்களோடு சேர்ந்து ஓட வேண்டும். கண் இமைப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டும். லேசான வேலையா, சொல்லுங்கள்!

என்.ஹெச்.எல். என்ற வட அமெரிக்காவின் பெரிய லீக், ரெஃப்ரிகளுக்கு உதவ எத்தனையோ செய்திருக்கிறது. கோல் விழுந்ததா இல்லையா என்று வீடியோ பார்க்கும் வழக்கம் 1991-92-ல் வந்தது. ஒரு ரெஃப்ரி போதாது என்று, 2000-01 முதல் எல்லா ஆட்டங்களுக்கும் இரண்டு பேர் ஆனார்கள். இவர்களோடு லைன்ஸ்மேன்கள் இரண்டு பேர்.

அப்படியும் 2019 ஏப்ரலில் ஒரு பெரிய கூத்து. சான் ஹோசே, வெகாஸ் அணிகளுக்கு இடையே வாழ்வா சாவா என்ற ஏழாவது ஆட்டம். வெகாஸ் 3-0 என்று முன்னணியில் இருந்தது. சான் ஹோசே ஆட்டக்காரர் ஒருவர் கீழே விழுந்து தலையில் ரத்தம் கொட்டியது. அதைப் பார்த்துப் பதறிய ரெஃப்ரிகள், அவரை இடித்த வெகாஸ் ஆட்டக்காரருக்கு ஐந்து நிமிஷத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் சான் ஹோசே நான்கு கோல் போட்டது! கடைசியில் 5-4 என்று ஜெயித்தும் விட்டது. அந்தத் தண்டனை தவறு என்று லீக் பிறகு வெகாஸ் அணியிடம் மன்னிப்புக் கேட்டது. 2019-20 முதல், இப்படிப்பட்ட பெரிய தண்டனைகளை ரெஃப்ரியே வீடியோவில் திரும்பப் பார்த்து, தேவையானால் குறைக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். நல்ல காரியம்.

ஆனால் 'அவனுக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணு' என்கிற மனசை எந்தக் காமிரா திருத்தும்? 2021 மார்ச்சில் நாஷ்வில், டெட்ராய்ட் அணிகள் மோதின. அப்போது டிம் பீல் என்ற அனுபவசாலியான ரெஃப்ரி பேசியது மைக்கில் ஒலிபரப்பாகிவிட்டது. நடந்தது பெரிய தப்பில்லை, ஆனாலும் நாஷ்வில் மேல் சீக்கிரமே ஒரு தண்டனை போட நினைத்தேன் என்ற அர்த்தத்தில் இருந்தது அந்தப் பேச்சு. சில வாரங்களில் ஓய்வு பெற இருந்தவர் அவர். இனி எங்கள் ஆட்டம் எதற்கும் வேண்டாம் என்று லீக் சொல்லிவிட்டது. அவர் ஒருவரை அனுப்பியதோடு பழக்கம் போய்விடுமா என்ன?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முதல் நிமிஷத்தில் எது தப்போ, கடைசி நிமிஷத்திலும் அது தப்பாகவே இருக்க வேண்டும். ஒரே அணி வரிசையாக நாலு தப்புச் செய்தால் நாலுக்கும் விசில் ஊதட்டும். அடுத்த பக்கத்தில் ஒன்று தேட வேண்டாம். இரண்டாவது, முடிவுகளைப் பற்றி லீக் வெளிப்படையாகப் பேச வேண்டும். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக், நெருக்கமாக முடிந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிஷத்தில் எந்த முடிவு சரி, எது தப்பு என்று 2015 முதல் அறிக்கையே வெளியிடுகிறது. ஹாக்கியிலும் அப்படிச் செய்தால் ரெஃப்ரிக்கும் பாடம், ரசிகருக்கும் நிம்மதி.

மூன்றாவது, நல்லவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும். என்.ஹெச்.எல்.லுக்கு அடுத்த படியில் உள்ள அமெரிக்கன் ஹாக்கி லீக், 2021-22-ல் பத்துப் பெண்களை நடுவர் குழுவில் சேர்த்தது. படிக்கும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் கனடாவில் பலரும் பதின்ம வயதிலேயே, குழந்தைகளின் ஆட்டத்தில்தான் விசில் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே அந்தப் பிள்ளைகளைத் திட்டித் துரத்துவது யார் தெரியுமா? காலரியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள்தான்! அதனால்தான் சில மாகாணங்களில் 18 வயது நிரம்பாத ரெஃப்ரியின் கையில் பச்சைப் பட்டை கட்டுகிறார்கள். 'நானும் ஒரு பிள்ளைதான், கத்தாதீர்கள்' என்பதற்கு அடையாளம் அது.

பெற்ற பிள்ளைக்கு எதிராக விசில் ஊதும்போது பொறுத்துக்கொள்வது எந்தத் தாய்க்கும் கஷ்டம்தான். ஆனால் கூச்சலுக்குப் பயந்து வளரும் ரெஃப்ரி, பெரியவரானதும் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தத்தான் விசில் ஊதுவார். பயப்படாமல் வளர்ந்தவரோ தப்பைப் பார்த்து ஊதுவார்.